கூட்டம் குறைவு என்றால் வரிசையும் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசந்த காலத் தொடக்கத்தில் வெளிநாட்டுத் தீம் பார்க் போவது பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்ச்சில் போனால் வெயில் இல்லை, கூட்டம் இல்லை, வரிசையில் நிற்கிற வேலையே இல்லை என்கிற தோரணையில் எழுதியிருந்தது. வெயிலைப் பற்றிச் சொன்னது பாதி சரி. கூட்டத்தைப் பற்றிச் சொன்னது ஆண்டைப் பொறுத்தது, நாட்டைப் பொறுத்தது, பல சமயம் எந்த வாரம் என்பதைப் பொறுத்தது. வரிசையைப் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இதை நம்பி யாராவது லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், அடுத்த பத்தியில் இருக்கிற கணக்கை மட்டும் வெட்டாமல் அப்படியே போடுங்கள்.

ஒரு ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்வோம். ரயிலுக்கு 24 பேர். சுற்றி வர 2 நிமிடம், வந்தவர்களை இறக்கி அடுத்தவர்களை ஏற்றி, பெல்ட்டெல்லாம் சரிபார்த்து அனுப்ப இன்னொரு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரயில் ஓடினால் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் ஆள் ஏறுவார்கள், ஆக 2 நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்பும், மணிக்கு 720 பேர் போகலாம். இன்று கூட்டம் இல்லையே என்று ஒரே ரயிலை மட்டும் ஓட்டினால் 4 நிமிடத்துக்கு ஒன்றுதான், மணிக்கு 360 பேர். கோடை நாளில் உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் 50 நிமிடம் காத்திருப்பீர்கள். மார்ச் நாளில் 300 பேர்தான் நிற்கிறார்கள், ஆனால் ஒரே ரயில், அப்போதும் அதே 50 நிமிடம்தான். கூட்டம் பாதியாகிவிட்டது, உங்கள் காத்திருப்பு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை!

பூங்காக்காரர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரயில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சக்கரம், பிரேக், இருக்கைப் பூட்டு எல்லாவற்றையும் பரிசோதித்து மாட்டுகிற பெரிய பராமரிப்பு வேலையை ஆள் வராத மாதங்களில்தான் செய்ய முடியும், அது சில ரைடுகளுக்கு வசந்தம் வரைக்கும் இழுத்துவிடும். பருவ வேலைக்கு வருகிற ஆட்களும் அப்போதுதான் சேர்ந்திருப்பார்கள், கை பழக நாளாகும், ஒவ்வொரு ரயிலும் கிளம்ப அரை நிமிடம் கூடுதலாகும். இதோடு தண்ணீர் ரைடுகளைக் குளிருக்காக மூடி வைத்திருந்தால், அங்கே நிற்க வேண்டிய கூட்டமும் மற்ற வரிசைகளுக்கு வந்து சேரும். அப்புறம் நேரம். கோடையில் இரவு வரை திறந்திருக்கிற பல பூங்காக்கள் மார்ச் வார நாளில் மாலை 5 அல்லது 6 மணிக்கே கதவைச் சாத்திவிடும். ஒரு நாளில் மொத்தம் எத்தனை ரைடு ஏறலாம் என்று பார்த்தால் கட்டுரை சொன்ன லாபத்தில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

சரி, போகவே கூடாதா என்றால், போகலாம். என்னைக் கேட்டால் வசந்தத் தொடக்கம் நல்ல காலம்தான், ஆனால் மாதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாரத்தைப் பாருங்கள். மேற்கு நாடுகளில் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும். ஆக போன ஆண்டு மார்ச் கடைசி வாரம் போனோம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவர் சொல்வதை வைத்து இந்த ஆண்டு அதே வாரத்துக்கு டிக்கெட் எடுத்தால் ஈஸ்டர் கூட்டத்தின் நடுவில் போய் நிற்க நேரலாம். இந்தச் சின்ன விஷயம் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட வரவில்லை.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு வேறு இருக்கிறது. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலமாகப் பிரித்து விடுமுறையைத் தள்ளித் தள்ளி விடுகிறது. குளிர்கால விடுமுறையின் வால் மார்ச் தொடக்கம் வரை நீளும், ஏப்ரலில் அடுத்தது தொடங்கிவிடும், நடுவில் இருக்கிற வாரங்கள்தான் டிஸ்னிலேண்ட் பாரிஸுக்கு ஏற்றவை. ஜெர்மனியில் 16 மாநிலங்களும் தனித்தனியாகத் தேதி வைத்துக்கொள்கின்றன. அங்கே ருஸ்ட் ஊரில் இருக்கிற யூரோபா பார்க் பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்துக்கும் தூரமில்லை, அதனால் அங்கே போகிறவர் மூன்று நாட்டு விடுமுறைப் பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பிரிங் பிரேக் என்கிற வசந்த விடுமுறை பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், கல்லூரிகளும் மார்ச்சில்தான் அவிழ்த்து விடும், ஆகவே தீம் பார்க்குகள் நிறைந்த ஆர்லாண்டோவில் மார்ச் பாதிக்கு மேல் கூட்டம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானில் கல்வி ஆண்டே மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது, மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் நாட்களிலும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவு, டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு அது கொண்டாட்டக் காலம். பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துப் போகிறவர்கள் புத்திசாலிகள்.

பூங்கா திறந்திருக்கிறதா என்பதையே சிலர் பார்ப்பதில்லை, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடக்கிறது. குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் ஓடுகிற பூங்காக்கள் குறைவு. நெதர்லாந்தின் எஃப்டெலிங் 2010 முதல் எல்லா மாதமும் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிற சீடர் பாயின்ட் வழக்கமாக மே மாதத்தில்தான் திறக்கும். இவை இரண்டையும் வசந்தத்தில் பார்க்க வேண்டிய பூங்காக்கள் என்று ஒரே பட்டியலில் போட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்?

குளிர் மனிதர்களுக்கு மட்டும் வருவதில்லை, ரைடுகளுக்கும் வருகிறது. கோஸ்டர் சக்கரங்களின் மேலே பாலியூரிதேன் என்கிற ரப்பர் மாதிரி ஒரு உறை இருக்கும், உள்ளே பேரிங்கில் கிரீஸ் இருக்கும். குளிரில் இரண்டும் இறுகிவிடும், ரயில் மெதுவாக ஓடும். ரொம்ப மெதுவானால் அடுத்த மேட்டைத் தாண்ட முடியாமல் நடுப்பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும், அதை அங்கிருந்து எடுப்பது பெரிய வேலை. அதனால்தான் காலையில் வெறும் ரயிலை விட்டுப் பார்க்கிறார்கள், வேகம் போதவில்லை என்றால் திறக்க மாட்டார்கள். அதே கோஸ்டர் நாலைந்து மணி நேரம் ஓடிச் சக்கரம் சூடேறியதும் மத்தியானம் பாய்ந்து போகும். கதவு திறந்ததும் பெரிய கோஸ்டருக்கு ஓடுங்கள் என்பது கோடையில் அருமையான யோசனை. மார்ச் காலையில் அப்படி ஓடினால் மூடிய வாசலில் நிற்கலாம், முதல் ஒரு மணி நேரம் வீணாகும், நாள் முழுவதிலும் வரிசை குறைவாக இருக்கிற நேரம் அதுதான். கூரைக்கு உள்ளே ஓடுகிற ரைடுகளை முதலில் முடித்துவிட்டு, பெரியது ஓடத் தொடங்கிவிட்டதா என்று பூங்காவின் செயலியில் பார்த்துப் போவது மேல். மத்தியானம் வரிசை கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் ரைடு முழு வேகத்தில் இருக்கும். தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்குச் சில ரைடுகளில் தனி வரிசை உண்டு, குடும்பத்தோடு சேர்ந்துதான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிக்காதவர்களுக்கு அது வரம். காற்று அதிகமானால் உயரமான கோபுர ரைடுகளும் சங்கிலி ஊஞ்சல்களும் முதலில் நிற்கும், மின்னல் வந்தால் வெளியில் இருக்கிற எல்லாமே நிற்கும், இதற்கெல்லாம் பெரும்பாலும் பணம் திரும்பி வராது. தேதி போட்ட டிக்கெட் எடுப்பவர்கள், தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

வெயில் பாதி சரி என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 20-ஐ ஒட்டி நடுப்பகலில் சூரியன் நிற்கிற உயரமும் செப்டம்பர் 22-ஐ ஒட்டி நிற்கிற உயரமும் ஒன்றுதான். செப்டம்பரில் காற்று சூடாக இருப்பதால் தோலில் ஏதாவது பூசிக்கொள்ளத் தோன்றும், மார்ச்சில் குளிர்காற்று ஏமாற்றிவிடும், சாயங்காலம் முகம் சிவந்து எரியும்போதுதான் தெரியும். காலையில் நடுக்கம், மத்தியானம் வியர்வை, சூரியன் இறங்கியதும் மறுபடி நடுக்கம். ஒரே தடித்த கோட்டை விட, கழற்றிக் கழற்றிப் பைக்குள் வைக்கிற மாதிரி இரண்டு மூன்று மெல்லிய உடைகள் போதும், அந்தப் பையை வைக்க லாக்கர் எங்கே என்பதையும் பார்த்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்று, கடிகாரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2027-இல் ஐரோப்பாவுக்கு இது ஈஸ்டர் ஞாயிறன்றே வருகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு நுழைவு வாங்கி வைத்திருப்பவர் கையில் கட்டிய பழைய கைக்கடிகாரத்தை நம்பினால் போச்சு.

குழந்தைகளின் உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரிய ரைடுகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 140 செ.மீ. வரை ஏதோ ஒரு கோடு வைத்திருப்பார்கள், வீட்டிலேயே அளந்துவிட்டுப் போனால் வாசலில் அழுகை மிச்சம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ரைடில் ஒன்றிரண்டு பராமரிப்பில் மூடியிருந்தால் பெரியவர்களுக்குப் பாதிப்பு தெரியாது, அந்தப் பிள்ளைக்கு முழு நாளும் போய்விடும். மூடியிருக்கிற ரைடுகளின் பட்டியலைப் பல பூங்காக்கள் தங்கள் இணையதளத்தில் முன்கூட்டியே போடுகின்றன, டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த மாதிரிக் கட்டுரையை மார்ச் பிறந்த பிறகு போடாதீர்கள், அதற்குள் பாதிப் பேர் டிக்கெட் எடுத்திருப்பார்கள், ஜனவரியிலேயே போடுங்கள். அழகான படத்துக்கு ஒதுக்குகிற இடத்தில் கால்வாசியை ஒரு பெட்டிச் செய்திக்குக் கொடுங்கள். பூங்கா எந்தத் தேதியில் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, எந்த ரைடு எதுவரை மூடியிருக்கும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு எப்போது லீவு என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாகவே எழுதுகிறார், அடுத்த தடவை பூக்களைப் பற்றி ஒரு பத்தி குறைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சுற்றுலாப் பக்கத்தை முதலில் திருப்பும் ஒரு வாசகர்