பாம்பன் வழியா, தூத்துக்குடி வழியா?

மண்டபம்

அன்பு நண்பர் காதர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. இங்கு எல்லோரும் நலம். உங்கள் பாட்டனார் எந்த வழியாக இலங்கை போனார் என்பதை எப்படி உறுதிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதையைக் காலத்தில் பொருத்திப் பார்க்கப் பழைய ரயில் கால அட்டவணையைப் போல் உதவுவது வேறில்லை என்பது என் கட்சி.

பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரியில். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இலேயே ரயில் வந்துவிட்டது என்றாலும், அந்தப் பாலம் வரும்வரை சென்னையிலிருந்து, இலங்கைக் கப்பலுக்கு இணைப்பு தரும் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். ஆகவே, அவர் ரயிலிலேயே தனுஷ்கோடி போய்க் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார் என்பது மெய்யானால், பயணம் 1914க்குப் பிந்தியதுதான். தோணியில் போயிருந்தால் கதை வேறு. தோணிக்கு ஏது அட்டவணை!

தேடுவதுதான் பெரும்பாடு. காலாவதியான அட்டவணையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் விசாரிக்கும்போது ‘கால அட்டவணை’ என்று மட்டும் கேட்காமல், தென்னிந்திய ரயில்வேயின் பெயரிலும், ‘வழிகாட்டி’ என்ற தலைப்பிலும், கல்கத்தாவில் அச்சான ‘நியூமன் பிராட்ஷா’ என்ற ரயில் கால அட்டவணை நூலின் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால், எந்தத் தேதி முதல் நடைமுறை என்று அச்சிட்ட மேலட்டையை முதலில் படமெடுங்கள். அது இல்லாத உள்பக்கம் எந்த ஆண்டுக்கும் சாட்சி சொல்லாது.

படிக்கும்போது நேரத்தைவிட அடிக்குறிப்புகளில் கண் வையுங்கள். எந்த நாளில் வண்டி இல்லை, எந்த வகுப்புக்கு இடமில்லை என்பதெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் ஒளிந்திருக்கும். அக்காலத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாதையும் ராமேஸ்வரத்துக்கு ஒரு பாதையுமாகப் பிரிந்ததால், இரண்டையும் ஒரே வரிசையில் தேடாதீர்கள். இந்திய நிலை நேரம் 1906இல் வருவதற்கு முன் ரயில்வே பின்பற்றியது மெட்ராஸ் நேரம். அது இன்றைய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது.

ஆனால் கப்பலுக்கு இணைப்பு இருந்தது என்பதாலேயே எல்லோரும் மறுநாள் கொழும்பில் இறங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. தோட்ட வேலைக்குப் போனவர்களை இலங்கை அரசு இங்கே மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்த் தடுப்புச் சோதனை முடித்த பிறகே அனுப்பியது. அந்தக் காத்திருப்பு எந்த அட்டவணையிலும் இராது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும், கைகளில் இருந்த அச்சுப் பிரதிகள் அந்த ஊருக்கு நேரம் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதனால் ஒரே பதிப்போடு நின்றுவிடாமல், அடுத்த பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் சென்னை போவதாக எழுதியிருக்கிறீர்கள். 1914க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பதிப்பாவது கேட்டுப் பாருங்கள். 1930களின் பிரதி ஏதும் கண்ணில் பட்டால், பாம்பன் பக்கத்தை எனக்கும் ஒரு படமெடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
முருகேசன்