டீசல் லைனில் சிக்கிய ஏரை (காற்றை) எடுத்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். டேங்க் வற்றி, டீசல் ஊற்றிய பிறகும் செல்ஃப் சுற்றியதே தவிர என் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "சும்மா செல்ஃப் அடிச்சு பேட்டரியை இறக்கிடாதீங்க தம்பி, லைன்ல ஏர் பிடிச்சிருக்கு" என்றீர்கள். டீசல் ஃபில்டர் மேலிருந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அழுத்த அழுத்த முதலில் நுரை, அப்புறம் குமிழ் குமிழாக, கடைசியில் குமிழே இல்லாமல் சுத்தமான டீசல் வழிந்தது. உடனே ஸ்க்ரூவை இறுக்கினீர்கள். அதோடு விடாமல், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளையும் தளர்த்தி, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினீர்கள். (பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்குத்தான் இது, மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வகைப் புது வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது என்று நீங்கள் சொன்னது நல்ல எச்சரிக்கை.) இரண்டு தடவை திணறிவிட்டு இன்ஜின் ஓடத் தொடங்கியது. வழிந்த டீசலை உங்கள் தோள் துண்டாலேயே துடைத்தீர்களே, அது கண்ணிலேயே நிற்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.