ஐந்தாவது பெனால்ட்டி

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் நிறுத்தினாலும் மிச்சம் உன் மேசையில் கிடக்கும், எப்போதாவது படிப்பாய்.

பதினெட்டு வயதுப் பையன்களின் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். "கோன் அடுக்கி வைக்கிற வேலைம்மா" என்று சொன்னபோது உன் குரல் இறங்கியதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. முட்டி ஆபரேஷன் முடிந்த அன்றுகூட நீ அப்படிப் பேசவில்லை.

அலியூ சிஸ்ஸேயை நினைவிருக்கிறதா? சடை சடையாக முடி விட்டுக்கொண்டு கோட்டோரத்தில் நிற்பாரே, அப்போது செனகல் கோச்சாக இருந்தவர். அவரை எனக்குக் காட்டியதே நீதான். 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனான பிரான்ஸை 1-0 என்று செனகல் சாய்த்தபோது அவர்தான் கேப்டன். அதை எல்லாரும் சொல்வார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் நடந்ததைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே கேமரூன். கோலே விழாமல், ஆளாளுக்குத் தனியாக வந்து கோலை நோக்கி அடித்து முடிவுசெய்கிற பெனால்ட்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. செனகலின் ஐந்தாவது பந்தை அடிக்க வந்தவர் சிஸ்ஸே. உள்ளே போகவில்லை. கோப்பையும் போயிற்று.

அந்த செப்டம்பரில் செனகலின் லெ ஜூலா கப்பல் கவிழ்ந்து 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் பலரும் அதில் இருந்தார்கள். இதைப் பற்றி நான் என்ன எழுத? ஒரே வருஷத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு.

ஆடுவதை நிறுத்திய பிறகு அவரும் துணைப் பயிற்சியாளராகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் 23 வயதுக்கு உட்பட்டோர் அணி. 2015-இல்தான் பெரிய அணி கையில் வந்தது. வந்ததும் வெற்றி கொட்டிவிடவில்லை. 2017 ஆப்பிரிக்கக் கோப்பை காலிறுதி, மறுபடி கேமரூன், மறுபடி பெனால்ட்டி. செனகலுக்காக ஐந்தாவதாக அடித்த சாதியோ மானே தவறவிட்டான். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானோடு புள்ளி, கோல் எல்லாம் சமம். மஞ்சள் அட்டை கூடுதலாக வாங்கியதற்காக வெளியேற்றினார்கள். இப்படி ஒரு விதி இருக்கிறதென்றே எனக்கு அன்றுதான் தெரியும். 2019-இல் இறுதி வரை போய் அல்ஜீரியாவிடம் 1-0. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள்.

2022 இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. நீ அங்கே, நான் இங்கே, நடுவில் போன். ஆடுகளம் கேமரூனின் யாவுண்டே, எதிரணி எகிப்து. ஏழாவது நிமிஷத்திலேயே பெனால்ட்டி கிடைத்து, மானே ஓங்கி அடித்ததை கீப்பர் தடுத்துவிட்டான். "முடிஞ்சதும்மா" என்றாய். அப்புறம் இரண்டு மணி நேர ஆட்டம், கோல் இல்லை. ஷூட்-அவுட்டில் ஐந்தாவதாக யார் வந்தான்? அதே மானே. 2017-இல் தவறவிட்டவன், அன்றைக்கே ஒரு தடவை தவறவிட்டவன். அடித்தான். 4-2. செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை.

எனக்கு ஆட்ட நுணுக்கமெல்லாம் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிப் பந்துக்கு அவனை அனுப்பும் துணிச்சல், தானும் ஐந்தாவதாகப் போய்த் தவறவிட்டவருக்குத்தான் வரும் என்று தோன்றுகிறது. உனக்கும் அந்த நடை தெரியும், கல்லூரி ஃபைனலில் நடுக்கோட்டிலிருந்து நீ தனியாக நடந்து போய், பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, திரும்பி வந்த நடை. நான் காலரியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் கோச் உன் பக்கம் திரும்பவே இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பையன்களில் ஒருத்தன் இந்த வருஷமே அப்படித் திரும்பி வருவான். அப்போது அங்கே நீ நின்றால் நல்லது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, சொல்லிவிடு. கோன் எடுக்கும்போது இடது முட்டியை மடக்கிக் குந்தாதே, இன்னும் மூன்று மாசம் டாக்டர் கூடாது என்றிருக்கிறார். முட்டிப் பட்டையைத் துவைத்தாயா?

அம்மா