ஒகேனக்கல் கிளம்பும் முன் கபினியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஒகேனக்கல் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். பஸ் நேரம், மீன் சமைத்துத் தரும் பெண்கள், எண்ணெய் மசாஜ் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆற்றைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. ‘மழை இல்லாத வாரக் கடைசியாகப் பார்த்துக் கிளம்புங்கள்’ என்று ஒரே ஒரு வரி. நான் பென்னாகரத்துக்காரன். இங்கே மழை பெய்கிறதா என்பதற்கும் அங்கே பரிசல் ஓடுமா என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

ஒகேனக்கல் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை. குடகு மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் (கே.ஆர்.எஸ்.) அணையில் சேருகிறது, வயநாட்டு மழை அங்கேயே உள்ள கபினி அணையில் சேருகிறது. இரண்டில் கபினிதான் சின்னது, கொள்ளளவு 19.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). கே.ஆர்.எஸ். 49 டிஎம்சி பிடிக்கும். அதனால் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பெரும்பாலும் கபினி முதலில் நிரம்பும், மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் மாநில எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல் வர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு வரும். 2024 ஜூலையில் அப்படித்தான் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி மேட்டூர் அணை முழு அளவான 120 அடியைத் தொட்டது. பரிசலுக்குத் தடை என்றதும், குடும்பத்தோடு வேனில் வந்தவர்கள் சோதனைச் சாவடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பரிசல்காரர் என்ன செய்வார், பாவம். அவருக்கும் அன்றைக்குக் கூலி இல்லை.

ஆக, திட்டம் போடுகிறவர் பார்க்க வேண்டியது நாளிதழில் வரும் அணை நீர்மட்டக் கட்டம். கே.ஆர்.எஸ். முழு அளவான 124.80 அடியை நெருங்கிவிட்டதா, கபினியிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள், பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு, இந்த மூன்று போதும். விநாடிக்குப் பத்தாயிரம் கன அடி என்றால் பலருக்கு அது வெறும் எண். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் இருபது முப்பது தண்ணீர் லாரி உங்களைத் தாண்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூங்கில் பிளாச்சு பின்னி, அடியில் தார் பூசிய வட்டப் பரிசல். ஒரே துடுப்பு. அதை முன்னால் குத்தி, தன் பக்கமாக இழுத்து, சுழலாமல் நேராகக் கொண்டுபோவது பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஒரு முறை துடுப்பை வாங்கிப் பாருங்கள், இருந்த இடத்திலேயே பம்பரம்தான். என் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வற்றினால் சில இடங்களில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடக்க வேண்டிவரும். அதுவும் ஒரு அனுபவம்தான், முழங்கால் நன்றாக இருந்தால்.

அப்புறம், கட்டுரையில் ‘மணல்திட்டில் கூடாரம் அடித்து, தூண்டில் போட்டு’ என்று இருந்தது. இதை யாரும் நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இரவு தங்க முடியாது. கோடையில் யானை தண்ணீர் குடிக்க ஆற்றுக்குத்தான் வரும். முதலையும் உண்டு. இதெல்லாம் இல்லையென்றாலும், ராத்திரியில் நீர்வரத்து கூடினால் மணல்திட்டு இருந்த இடம் தெரியாது. ஆற்றோரத்தில் படுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் மேலே கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்களில் முன்பதிவு செய்து தங்கலாம். அவை அந்த மாநில அரசு நிறுவனமே நடத்துபவை.

ஆனால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு காலத்தில் அந்த முகாம்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்ததே மஹ்சீர் மீனுக்காகத்தான். இரைக்கு நம்ம கேழ்வரகுக் களியைத்தான் உருட்டி முள்ளில் அப்புவார்கள். பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று அதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மஹ்சீர், 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெடி போட்டு மீன் பிடித்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியதும் சேர்ந்து செய்த வேலை அது. மீன் சாப்பிடத்தான் ஆசையென்றால் கரையில் கட்லாவும் கெளுத்தியும் கிடைக்கும். வாங்கிக் கொடுத்தால் அங்கேயே பொரித்துத் தருவார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆற்றுச் சுற்றுலாப் பக்கம் போடும்போது, பஸ் நேரத்துக்குப் பக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தின் பரிசல் தடை அறிவிப்பை அன்றன்று எங்கே பார்ப்பது என்று இரண்டு வரி சேருங்கள். அட்டைப் படத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். பரிசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரில் ஒருவர்கூட உயிர்காக்கும் ஜாக்கெட் போடவில்லை.

இப்படிக்கு,
பென்னாகரம் வாசகர்