பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை முன்னேற்பாடு பற்றித் தங்கள் சேலம் பதிப்பில் வந்த கட்டுரையில் சாக்கடை தூர்வாருவது, மணல் மூட்டை, மோட்டார் பம்பு எல்லாம் இருந்தன. கடைக்குள் தண்ணீர் வந்தால் மறுநாள் பில் போடுவது எப்படி என்பதற்கு ஒரு வரி இல்லை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் வியாபாரிகளுக்குச் சரக்கு நனைவதைவிட அதுதான் பெரிய அடி. நனைந்த ஜவ்வரிசி மூட்டைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாம் என்றாலும், சர்வேயர் வந்ததும் முதலில் கேட்பது ஸ்டாக் கணக்கைத்தான். அது நனைந்த கம்ப்யூட்டருக்குள் இருக்கும்.

"பேக்கப் (கணக்கின் மாற்று நகல்) இருக்கே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து, அதாவது நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர். கணக்கெழுதும் மென்பொருளான டேலியில் பேக்கப் எடுத்து அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைப்பது, பென்டிரைவை இரவு பகலாகச் சொருகியே வைத்திருப்பது, இரண்டும் பேக்கப்பில் சேராது. தண்ணீரோ மின்னலோ, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸோ, வருவது கணக்கையும் நகலையும் சேர்த்தே கொண்டுபோகும். கூகுள் டிரைவில் ஃபோல்டரை சிங்க் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இங்கே ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டப்பட்ட ஃபைல்தான் அங்கேயும் ஏறும்.

மூன்று நகல் வேண்டும்: ஓடுகிற கணக்கு ஒன்று, எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு. சனிக்கிழமைதோறும் டிஸ்க்கை மாற்றி, ஒன்றை எப்போதும் கடைக்கு வெளியே வைக்க வேண்டும். கடையும் வீடும் திருமணிமுத்தாற்றங்கரைத் தாழ்விலேயே இருந்தால் வீட்டில் வைத்துப் பயனில்லை. மேட்டுப் பகுதியில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது போதாது. கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்குக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 முதல் விதியே இருக்கிறது.

இனி ரீஸ்டோர் ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரை நாள் போதும். கடையில் இல்லாத ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஃபோல்டர் திறந்து அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஓடுகிற கணக்கு இருக்கும் ஃபோல்டரிலேயே செய்தால் பழைய கணக்கு புதியதன்மேல் ஏறிவிடும், ஒத்திகையே விபத்தாகிவிடும். திறந்ததும் கடைசி பில் நம்பர், டிரையல் பேலன்ஸ் மொத்தம், குளோசிங் ஸ்டாக் மூன்றையும் கடைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தொடங்கியதிலிருந்து முதல் பில் அடிக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அந்த நேரம்வரை துண்டுச் சீட்டில் வியாபாரம் ஓட்ட முடியுமா என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் இடிப்பது லைசென்ஸில். புது கம்ப்யூட்டரில் லைசென்ஸ் ஏற்றாத டேலி எஜுகேஷனல் மோடில்தான் திறக்கும். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டுமே என்ட்ரி போட முடியும். லைசென்ஸை மாற்ற சீரியல் நம்பரும் பதிவு செய்த இமெயிலும் வேண்டும். அந்த இமெயில் எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையுடையதாக இருப்பது இங்கே சர்வ சாதாரணம். கணக்கைப் பூட்டி வைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்டும் அப்படித்தான். மறந்துவிட்டால் டேலி கம்பெனியாலும் எடுத்துத் தர முடியாது. சரக்கு அனுப்ப அரசுத் தளத்தில் எடுக்கும் இ-வே பில்லுக்கான ஓடிபி முதலாளி போனுக்கு மட்டும் வருகிறதென்றால், அவர் ஏற்காட்டில் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது வடநாட்டு லோடு லாரியிலேயே நிற்கும். இன்னொருவர் மொபைல் நம்பரில் சப்-யூசர் (துணைப் பயனர்) கணக்கு திறந்து வைப்பது பத்து நிமிட வேலை.

ரான்சம்வேர் தாக்கினால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அந்தப் பதற்றத்தில், நல்ல பேக்கப் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை "இருக்கிறதா பார்ப்போம்" என்று அதே கம்ப்யூட்டரில் சொருகிவிடுவார்கள். கடைசி நகலும் அத்தோடு போகும். சுத்தமான வேறு கம்ப்யூட்டர் கிடைக்கும்வரை டிஸ்க் பீரோவிலேயே இருக்கட்டும். பார்மட் செய்யவும் அவசரம் வேண்டாம், தடயம் போய்விடும். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டர் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக: அவசரத்தில் அது ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பேட்டரி. வாரம் ஒருமுறை லோடு கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏற்காட்டு எஸ்டேட், விடுதிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். மாற்றுப் பாதையான குப்பனூர் வழி இருக்கிறது என்று நம்பிக் கீழிருந்து டீசலும் மெக்கானிக்கும் வந்துவிடுவார்கள் என்று திட்டம் போடக் கூடாது. 25 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் லோடில் மணிக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கும். நாளுக்கு 8 மணி நேரம், மூன்று நாள் என்றால் 120 லிட்டர் மேலேயே இருக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பெனி இணைப்பு வாங்கினாலும் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மரம் விழுந்து இரண்டும் அறும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டேலி சீரியல் நம்பர், லைசென்ஸ் இமெயில், டிஸ்க் இருக்கும் இடம், ஆடிட்டர், ஜெனரேட்டர் மெக்கானிக், மின்வாரியப் பிரிவு அலுவலகம், வங்கி மேலாளர் தொலைபேசி எண்கள், முதலாளி இல்லாதபோது முடிவெடுப்பவர் பெயர் ஆகியவற்றை நிரப்பும்படி அரைப் பக்கப் படிவம் ஒன்றைத் தங்கள் இதழில் அச்சிட்டால், வெட்டி எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்வார்கள். பாஸ்வேர்டுக்கு மட்டும் அதில் கட்டம் போட வேண்டாம். அது உறையிலிட்டு லாக்கரில் இருக்க வேண்டியது.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பு, கணக்குப் பதிவுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் - 2.