நான்கு மொழிகளும் ஒரே வரிசையில் நிற்க

அன்பு மகளுக்கு,

நம் வட்டாரச் சமூக மன்றத்தில் ஏப்ரல் மாதம் நடக்கவிருக்கும் தமிழ் மொழி விழா நிகழ்ச்சிக்காக நீ மெல்பர்னிலிருந்து செய்தனுப்பிய சுவரொட்டியை அச்சிட்டு, மேசைமீது விரித்துவைத்துப் பார்த்தேன். வண்ணமும் படமும் மனத்துக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் அச்சகத்தில் பல காலம் பக்கம் கட்டிய என் கண்ணுக்கு இரண்டு இடங்கள் உறுத்துகின்றன.

அடியிலுள்ள ஆதரவாளர் சின்னங்கள் ஐந்தையும் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், பொருள்களை வரிசைப்படுத்தும் அலைன் பேனலில் ‘டிஸ்ட்ரிபியூட் ஆப்ஜெக்ட்ஸ்’ கொண்டு மையத்துக்கு மையம் சம தூரத்தில் வைத்திருக்கிறாய். ஐந்தும் ஒரே அகலமாக இருந்தால் அது சரிதான். இங்கே ஒன்று அகலமாகவும் அடுத்தது ஒல்லியாகவும் இருப்பதால், இடைவெளி ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் தெரிகிறது. அதே பேனலில் கீழே இருக்கும் ‘டிஸ்ட்ரிபியூட் ஸ்பேசிங்’தான் உனக்கு வேண்டியது, அது இரு ஓரங்களிலும் உள்ள சின்னங்களை அசைக்காமல் இடைவெளிகளை மட்டும் சமமாக்கும். அதற்கு முன், சின்னங்களைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்புகளை, ஃபிரேமை, அதாவது படத்தை அடக்கியிருக்கும் சட்டத்தை, உள்ளே இழுத்து மறைத்துவிடு. மென்பொருள் அளப்பது ஃபிரேமின் விளிம்பைத்தான், உள்ளிருக்கும் உருவத்தை அல்ல.

நான்கு மொழி வரவேற்பு வரியில்தான் வேலை அதிகம். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபிரேமில் போட்டு மேல் விளிம்புகளை ஒன்றாக்கியிருக்கிறாய். விளிம்புகள் நேராக நிற்கின்றன, எழுத்துகள் நிற்கவில்லை. டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸில் முதல் வரிக்கான அளவு ‘அசென்ட்’ என்று இருக்கும்வரை, அந்தந்த எழுத்துருவின் உயரத்துக்கு ஏற்பவே வரி இறங்கி நிற்கும் என்பதால், ‘நல்வரவு’ மற்றவற்றைவிட ஒரு நூலளவு தாழ்ந்துவிட்டது. நான்கு ஃபிரேம்களிலும் அதை ‘ஃபிக்ஸ்ட்’ என்று மாற்றி ஒரே அளவைக் கொடுத்தால், எல்லாம் ஒரே பேஸ்லைனில், அதாவது எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டில், அமரும். அப்போதும் சீன எழுத்துகள் பேஸ்லைனுக்குச் சற்றுக் கீழே வரும். அவற்றைக் கண்ணால் பார்த்து ‘பேஸ்லைன் ஷிஃப்ட்’ கொண்டு சிறிது உயர்த்து. ஆனால் ‘நல்வரவு’ முடியும் வுகரத்தின் கோடு கீழே இறங்குவது அந்த எழுத்தின் இயல்பு. அதை ஈடுகட்ட நினைத்துத் தமிழ் வரியை மேலே தூக்கிவிடாதே.

மேல் விளிம்புகளை மறுபடி நேராக்க வேண்டியிருந்தால், நான்கையும் தேர்ந்தெடுத்த பின் தமிழ் ஃபிரேமை மட்டும் இன்னொரு முறை சொடுக்கு. அதைச் சுற்றித் தடித்த கோடு தோன்றியதும் அதுவே கீ ஆப்ஜெக்ட் ஆகிவிடும். அது நின்ற இடத்திலேயே நிற்க, மற்ற மூன்றும் அதை ஒட்டி நகரும். தமிழ் விழாவின் சுவரொட்டியில் அப்படி இருப்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப் பத்திகளுக்கு, எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் ‘வேர்ல்ட்-ரெடி’ காம்போசர் போட்டிருக்கிறாயா என்றும் பார். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

திருத்தியதும் பிடிஎஃப் கோப்பை எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நானே மெய்ப்புப் பார்த்து அச்சகத்தில் கொடுத்துவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா