கமிட்டிக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போனவங்களுக்கு ஒரு பெரிய தேங்க்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க காலேஜ் லைப்ரரிக்காரங்களோட சங்கமான ஏ.சி.ஆர்.எல்.ல, மாணவர்களுக்கு சொல்லிக் குடுக்கற லைப்ரரியன்களுக்கான இன்ஸ்ட்ரக்ஷன் செக்ஷன்ல ஒரு கமிட்டியில இருந்தேன், என்னோட டெர்ம் இந்த ஜூனோட முடியுது. போறதுக்கு முன்னாடி சில பேருக்கு பொதுவுல நன்றி சொல்லிடணும்னு தோணிச்சு. பேர் எதுவும் போடலை, கேக்காம போட்டா சிலருக்கு பிடிக்காது, படிச்சா யார்னு அவங்களுக்கே தெரியும்.

லைப்ரரி பக்கமே வராதவங்களுக்காக ரெண்டு வரி. அமெரிக்கால ஏ.எல்.ஏ.ன்னு ஒரு பெரிய லைப்ரரி சங்கம் இருக்கு, 1876ல ஃபிலடெல்ஃபியால ஆரம்பிச்சது. அதுக்குள்ள காலேஜ், யூனிவர்சிட்டி லைப்ரரிக்காரங்களுக்குன்னு தனியா இருக்கற டிவிஷன்தான் ஏ.சி.ஆர்.எல். அவங்க நடத்துற ரிசர்ச் ஜர்னல் 1939லேர்ந்து வருது, இப்ப காசு கட்டாமலே யார் வேணா படிக்கலாம். நான் சேர்ந்த புதுசுல இதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம், நமக்கு சந்தா கட்டி மெயில் படிக்கறதோட சரின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அந்த நெனப்பை மாத்தினது என் லைப்ரரிலயே பக்கத்து ரூம்ல இருக்கற சீனியர். அவங்களுக்குத்தான் முதல் தேங்க்ஸ். குளிர்காலத்துல, கமிட்டியில வேலை செய்ய விருப்பம்னு எழுதிப் போடுற வாலன்டியர் ஃபார்ம் வரும், நான் பாத்துட்டு பாத்துட்டு மூடிடுவேன். அவங்க ஒரு நாள் வந்து உக்காந்து, இதுல மர்மம் எதுவும் இல்ல, அடுத்த வருஷம் செக்ஷனுக்கு சேரா, அதாவது தலைவரா வரப்போற வைஸ் சேர் இந்த ஃபார்மை எல்லாம் வெச்சிக்கிட்டு எந்த கமிட்டிக்கு யாருன்னு போடுவாங்க, ஜூலைல வேலை ஆரம்பிக்கும், நிறைய கமிட்டி ஆன்லைன்லயே கூடுது, விமானம் ஏறி போகணும்னு கூட அவசியமில்லன்னு சொன்னாங்க. நான் எழுதி வெச்சிருந்ததை படிச்சிட்டு, "ஆர்வம் இருக்கு, கத்துக்கணும்னு ஆசை, இதெல்லாம் எல்லாரும் எழுதுறது, உனக்கு என்ன செய்ய வரும்னு எழுது"ன்னாங்க. எனக்கு வரும்னு தெரிஞ்சது ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு டேட்டாபேஸ்ல தேட சொல்லிக் குடுக்கறது, அப்புறம் வெப் பேஜை பார்வையில்லாதவங்களும் ஸ்க்ரீன் ரீடர் வெச்சு படிக்கற மாதிரி சரி பண்றது. அதைத்தான் எழுதினேன். அந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் என்னை எடுத்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது.

அடுத்தது எங்க கமிட்டி சேர். இவங்களைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. முதல் மீட்டிங்லயே மினிட்ஸ் எழுதுற வேலையை என்கிட்ட குடுத்தாங்க. புதுசா வந்த ஆளு, ஆசியாக்காரி, அதான் எழுதுற வேலையை தலையில கட்டுறாங்கன்னு என் ஃப்ரெண்ட் ஒருத்தி கோவப்பட்டா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பல இடத்துல அப்படித்தான் நடக்குது, மினிட்ஸ் எழுதுறவ வருஷக்கணக்கா அதையேதான் எழுதிட்டு இருப்பா. ஆனா இவங்க விதம் வேற. மீட்டிங்கை நடுவுல நிறுத்தி, "இப்ப நம்ம என்ன முடிவு பண்ணினோம், மினிட்ஸ்ல எப்படி எழுதப் போற, படிச்சு காட்டு"ன்னு கேப்பாங்க. நான் படிப்பேன், அப்பதான் ஆளாளுக்கு வேற வேற மாதிரி புரிஞ்சிட்டு இருக்காங்கன்னு தெரியும், சில சமயம் அரை மணி நேரம் பேசினதுல முடிவே எடுக்கலைன்னு தெரியும். யார் எந்த வேலையை எந்த தேதிக்குள்ள முடிக்கணும்னு எழுதி வெச்சிருக்கறது நான் ஒருத்திதான், அதனால எல்லாரும் என்கிட்டதான் கேக்க வந்தாங்க, பெரிய யூனிவர்சிட்டி டைரக்டர் உட்பட. அடுத்த வருஷம் மினிட்ஸை வேற ஆளுக்கு மாத்திட்டு எனக்கு ஒரு சின்ன ப்ராஜெக்டை முழுசா குடுத்தாங்க. மினிட்ஸ்லேர்ந்து ஆளை எடுத்து மேல விட மறக்காத சேர் எத்தனை பேர் இருக்காங்க சொல்லுங்க?

அந்த ப்ராஜெக்ட்ல கூட இருந்த ஒரு கம்யூனிட்டி காலேஜ் லைப்ரரியனுக்கு தனி நன்றி. இன்ஃபர்மேஷன் லிட்டரசிக்கு, அதாவது தகவலைத் தேடி, எடை போட்டு, சரியா பயன்படுத்துற திறமைக்கு, ஏ.சி.ஆர்.எல். 2000ல போட்ட ஒரு ஸ்டாண்டர்ட்ஸ் இருந்துச்சு, மாணவனுக்கு இது தெரியணும் அது தெரியணும்னு வரிசையா டிக் அடிக்கற மாதிரி. அதுக்கு அப்புறம் வந்த ஃப்ரேம்வொர்க்கை 2016ல முறையா ஏத்துக்கிட்டாங்க, பழசு அதே வருஷம் போயிடுச்சு. இதுல டிக் அடிக்க எதுவும் இல்ல, ஆறு பெரிய கருத்துதான், ஒரு சோர்ஸை நம்பலாமா வேணாமாங்கறது இடத்தைப் பொறுத்து மாறும், தகவலுக்கு ஒரு மதிப்பு இருக்கு, ஆராய்ச்சிங்கறது ஒரு உரையாடல், இந்த மாதிரி. நான் ஒண்ணு முடிச்சிட்டுதான் ரெண்டுன்னு அதே வரிசையில க்ளாஸ் எடுத்துட்டு இருந்தேன். அவர்தான், "தம்பிங்களுக்கு நேரமே ஒரு மணிதான், ஆறையும் ஏன் திணிக்கறீங்க, அது வெறும் இங்கிலீஷ் ஏ, பி, சி வரிசைங்க, எதுல வேணா ஆரம்பிக்கலாம்"னு சொன்னார் (ஆமா, அவரும் நம்ம ஊர்க்காரர்தான், தமிழ்லயேதான் சொன்னார்). வேலைக்கு போயிட்டே படிக்கற பசங்களுக்கு எப்படி சொல்றதுன்னு அவர் காட்டின மாதிரி எந்த கான்ஃபரன்ஸ்லயும் நான் கேட்டதில்ல.

என் மென்டரா இருந்த அம்மாவுக்கும் நன்றி. ரிட்டயர் ஆக போற வயசு. நான் தமிழ்னு சொன்னதும், இந்திய நூலக இயலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் பத்திதான் பேசினாங்க, லைப்ரரி எப்படி இருக்கணும்னு அவர் எழுதி 1931ல வந்த அஞ்சு விதியும் இந்த அம்மாவுக்கு மனப்பாடம். எனக்கு சந்தோஷமாவும் இருந்துச்சு, கொஞ்சம் கூச்சமாவும் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, அந்த மனுஷன் 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியனா சேர்ந்து, 1928லயே மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் ஆரம்பிக்க முன்னாடி நின்னவர், சங்கம் எதுக்குன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. லைப்ரரியனுக்கும் ஃபேகல்ட்டி அந்தஸ்து, அதாவது பேராசிரியர்களுக்கு சமமான அந்தஸ்து வேணும்னு ஏ.சி.ஆர்.எல். எழுபதுகள்லேர்ந்தே சொல்லிட்டு வர்றதையும், என் ப்ரமோஷன் ஃபைல்ல இந்த கமிட்டி வேலையை எப்படி காட்டணும்ங்கறதையும் சொல்லிக் குடுத்தது இந்த அம்மாதான்.

அப்புறம் நான் மீட்டிங்ல இருக்கும்போது ரெஃபரன்ஸ் டெஸ்க்ல என் ஷிஃப்டையும் சேத்து பாத்த ரெண்டு பேர், ட்ராவல் பணத்துக்கு கையெழுத்து போட்ட எங்க டீன், ராத்திரி மீட்டிங் நேரத்துல பாப்பாவை தூங்க வெச்ச என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் நன்றி. இதுல டெஸ்க் பாத்த ரெண்டு பேருக்கும் சங்கத்துல சேர சந்தா கட்ட கூட ஆபீஸ் காசு தர்றதில்ல, லைப்ரரியன் பதவியில இல்லாத ஸ்டாஃபுக்கு கிடையாதாம், இதை டீன்கிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை, விடுறதா இல்ல.

அடுத்த ஃபார்ம் வரும்போது யாராவது நம்ம ஆளுங்க போடுறதா இருந்தா எழுதினதை எனக்கு அனுப்புங்க, படிச்சுப் பாத்து சொல்றேன். ஸ்டூடண்டா இருக்கறவங்களும் தயங்காதீங்க, அவங்களுக்கு சந்தா குறைவுதான். மினிட்ஸ் எழுத சொன்னா சரின்னு சொல்லுங்க, ஒரு வருஷத்துக்கு மட்டும்.